தொக்சில் படகேறிய குளிர்காலம்

தொக்சில் படகில் கால் வைத்த காலையில் கோம்பாவித் துறையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வலையிலிருந்து மீன் பிரிக்கிற பெண்கள் இருந்தார்கள், ஏலக்காரர்கள் இருந்தார்கள், தகர டின்னில் நெருப்பு மூட்டிக் குளிர்காய்ந்தபடி ஊர்வம்பு பேசுகிற கிழவர்களும் இருந்தார்கள். மியோங்தே மீன் பருவத்தில் அந்தத் துறை வாய் மூடி யாரும் பார்த்ததில்லை. அன்று மூடியது. கணவனின் பழைய ரப்பர் பூட்சுக்குள் துணியை அடைத்துப் போட்டுக்கொண்டு, தலையில் கம்பளித் துண்டைக் கட்டிக்கொண்டு, கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற ஒருத்தி மீன்பிடிப் படகின் விளிம்பைத் தாண்டி உள்ளே இறங்கினாள். பெண் ஏறிய படகைக் கடலரசன் சும்மா விடமாட்டான் என்று நம்பிய ஊர் அது.

"போச்சு," என்றார் ஒரு கிழவர் கடைசியில். "யோங்கில் பொண்டாட்டிக்குப் பைத்தியம் முத்திப்போச்சு."

இன்றைக்கு நினைத்தாலும் தொக்சிலுக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தப் பூட்சுக்குள் ஊறிய ஈரம்தான்.

கோம்பாவியில் முக்கால்வாசிப் பேர் போரின்போது வடக்கிலிருந்து கப்பலேறித் தப்பி வந்தவர்கள். இரண்டு மாதத்தில் ஊர் திரும்பிவிடலாம் என்று மணல்திட்டில் குடிசை போட்டார்கள். எல்லை மூடிக்கொண்டது, அங்கேயே தங்கிவிட்டார்கள். தொக்சிலும் அவள் கணவன் யோங்கிலும் அப்படி வந்தவர்கள்தாம். பின்னாளில் மீனவர் சங்கத் தலைவரான மான்ஹோவும் அவன் தம்பி சாங்ஹோவும் அதே கப்பலில், அதே மூலையில், இவர்களோடு ஒரே சாக்கைப் போர்த்திக்கொண்டு வந்தார்கள்.

அகதி முகாமில் தொக்சிலின் கைக்குழந்தை காய்ச்சலில் போனது. புதைக்கலாம் என்றால் மண் பனியில் கல்லாய் இறுகிக் கிடந்தது. முன்பின் தெரியாத ஓர் அம்மாள், ஒரு போதகரின் விதவை, வெந்நீரை ஊற்றி ஊற்றி மண்ணை இளக்கித் தன் கையாலேயே தோண்டினாள். அவள் பிரசங்கம் ஒன்றும் பண்ணவில்லை. விரல் நகங்களெல்லாம் பெயர்ந்து ரத்தம் வர, "கர்த்தாவே, கர்த்தாவே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் கர்த்தரைத் தொக்சில் அன்றைக்குப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் விடவே இல்லை.

யோங்கில் மெதுவாகத்தான் வந்தான். கோம்பாவியில் ராணுவப் பெட்டிப் பலகைகளால் கட்டிய சிறிய தேவாலயத்தின் வாசலில் நின்றே சில வருஷம் பாட்டுக் கேட்டான். பிறகு ஒருநாள் உள்ளே போனான், சாராயத்தை விட்டான், ஞானஸ்நானம் எடுத்தான். அதற்கு மறுநாள் தன் படகின் சுக்கான் அறையில் இருந்த சிறிய மரப்பெட்டியைக் கழற்றினான். அதற்குள் நூலும் வண்ணத்துணியுமாகப் படகின் காவல்தெய்வம் குடியிருந்தது. அதைக் கழற்றியதைப் பார்த்த ஆட்கள் நான்கு பேரும் வலையைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். வருஷப் பிறப்பை ஒட்டி எல்லாப் படகின் முகப்பிலும் பன்றித்தலை வைத்து, சாமியாடியம்மாள் ஆடி, படகுக்காரன் விழுந்து கும்பிடுகிற பூசை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அதையும் யோங்கில் செய்யமாட்டான் என்று பேச்சு பரவியது.

மான்ஹோ ஒரு கொத்துக் கருவாட்டோடு வீட்டுக்கு வந்தான். அடுப்புப் பக்கம் குந்திக்கொண்டான்.

"அண்ணி, ஒரே ஒரு தடவ. பன்னித்தலைய நானே கொண்டாறேன். சாமியாடியம்மாகிட்டயும் நானே பேசிக்கறேன். அண்ணன் வந்து நின்னு தலைய லேசா குனிஞ்சாப் போதும். குனியறப்ப உங்க ஏசுவையே நெனச்சுக்கட்டும், யாருக்குத் தெரியப்போவுது?"

"அவருக்குத் தெரியுமே."

"உள்ள இருக்கறதத்தான் அவரு பாக்கறாருன்னு உங்க மூப்பரே சொல்றாரு!"

"உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணா இருந்தா, பாக்கறவருக்கு என்ன தோணும் தம்பி?"

மான்ஹோ தொடையில் தட்டிக்கொண்டான். "பேச்சுல உங்கள ஜெயிக்க முடியாது. ஆனா ஒண்ணு சொல்றேன். நாலு குடும்பம் அந்தப் படக நம்பி இருக்கு. அவனுங்க நிஜமாவே பயப்படறானுங்க அண்ணி. நீங்க வேணும்னா சிரிச்சுக்கங்க, அவனுங்க பயம் பொய்யில்ல."

தொக்சில் சிரிக்கவில்லை. அது அவளுக்கு உறைத்தது.

தேவாலயத்து மூப்பர்கூட, ஊரோடு ஒத்துப்போவதும் ஒருவகை அன்புதான், கண்ணை மூடிக்கொண்டு நின்றுவிட்டு வந்துவிடும்படி யோங்கிலிடம் சொல் என்று தொக்சிலிடம் சொன்னார். யோங்கில் இரண்டு நாள் சோறு சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் சொன்னான்: "குனிஞ்சுட்டு வந்துடறேன் கும்ஹி அம்மா. குனிஞ்சா என்ன முதுகா ஒடஞ்சுடும்?"

கும்ஹி அவர்கள் மகள். அப்போது பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். தொக்சில் சட்டியைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். சட்டியில் சுரண்ட ஒன்றும் மிச்சமில்லை.

"ஆளு வரலைன்னுதானே குனியப்போற. நான் வரேன்."

"எங்க?"

"படகுக்கு."

யோங்கில் வாய்விட்டுச் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

அப்படித்தான் அவள் படகேறினாள். முதல் வாரம் முழுக்க வாந்தி. வலையை இழுக்க இழுக்க உள்ளங்கை பிளந்தது. உப்புத் தண்ணீர் அதில் நெருப்பாய் எரிந்தது. படகின் விளிம்பெல்லாம் பனிக்கட்டி. யோங்கில் சுக்கானைப் பிடித்துக்கொண்டு ராகமே இல்லாமல் கீர்த்தனை பாடுவான். "கொஞ்சம் நிறுத்து, மீனெல்லாம் ஓடிடும்," என்பாள் இவள். "ஓடட்டும், வலைப்பக்கமாத்தான் ஓடும்," என்பான் அவன். நடுக்கடலில் சின்னக் கரியடுப்பில் மீன்குடலும் முள்ளங்கியும் போட்டுக் கொதிக்க வைத்த குழம்பை, சோற்றில் ஊற்றி ஒரே கிண்ணத்தில் இருவரும் சாப்பிட்டார்கள். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் அவ்வளவு நேரம் சேர்ந்து இருந்ததும் இல்லை, அவ்வளவு சிரித்ததும் இல்லை. மற்றப் படகுகள் கொண்டுவருவதில் பாதி மீன்கூட இவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் தன் வாழ்நாளில் எந்தப் பருவம் திரும்பி வரவேண்டும் என்று யாராவது கேட்டால், தொக்சில் யோசிக்காமல் அதைத்தான் சொல்வாள்.

கரையில் அப்படியில்லை. தண்ணீர்க் குழாயடியில் அவள் வாளியை யாராவது வரிசையிலிருந்து நகர்த்தி வைத்திருப்பார்கள். "கேப்டனம்மா வராங்க, வழி விடுங்கடி!" என்று ஒருத்தி கத்துவாள். மற்றவர்கள் சிரிப்பார்கள். அதில் அதிகம் சிரிப்பவள் சாங்ஹோவின் மனைவி சுனோக்கு. வாய்த்துடுக்கில் ஊரில் அவளை மிஞ்ச ஆளில்லை. "வீட்டுக்காரரு சோறாக்கறாரா அக்கா? அவரு பாவாடை கட்டிக்கிட்டாரா?" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர்கள் கடலுக்குப் போகவில்லை. கடல் மீனால் வெள்ளியாய் மினுங்கின ஞாயிறுகளிலும் படகு கட்டியே கிடந்தது.

அப்படி ஒரு ஞாயிறு, ஆராதனை நடந்துகொண்டிருந்தபோது வடகிழக்கிலிருந்து காற்று திரும்பியது. பலகைச் சுவர்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. பாட்டை நிறுத்திவிட்டு எல்லாரும் துறைக்கு ஓடினார்கள். படகுகள் ஒவ்வொன்றாக, பனியும் நுரையுமாகத் திரும்பி வந்தன. சாங்ஹோவின் படகும் வந்தது. அதில் சாங்ஹோ இல்லை. வலையை அறுத்துவிடக் குனிந்தவனை அலை வாரிக்கொண்டு போயிருந்தது.

அன்று மாலைக்குள் ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பெட்டியைக் கழற்றினார்கள், பன்றித்தலை வைக்கவில்லை, பெண்ணைக் கடலில் ஏற்றினார்கள். கடலரசன் கோபத்துக்குச் சாங்ஹோ பலியானான். தேவாலயத்திலும் ஒரு தீர்ப்பு காத்திருந்தது. மாலைக் கூட்டத்தில் மூப்பர் எழுந்து, ஓய்வுநாளை மதித்த தம் பிள்ளைகளைக் கர்த்தர் காப்பாற்றினார், மதியாதவர்களுக்குத் தம் வல்லமையைக் காட்டினார் என்று கண்ணீரோடு ஜெபித்தார். அங்கிருந்தவர்கள் ஆமென் என்றார்கள். தொக்சிலின் வாயிலிருந்து அந்த ஆமென் வரவில்லை. கூட்டம் முடிந்ததும் நேரே மூப்பரிடம் போனாள்.

"என் பேரச் சொல்லி அப்பிடி ஜெபம் பண்ணாதீங்கய்யா."

"உண்மையைத்தானேம்மா சொன்னேன்? நீங்க இன்னைக்குக் கடல்ல இருந்திருந்தா?"

"சாங்ஹோ இருந்தானே. கப்பல்ல வரப்ப அவன் சாக்கைத்தான் என் புள்ளைக்குப் போத்துனான். அவன் செத்ததுல எனக்கு ஒரு பெருமையும் வேணாம்."

மூப்பர் முகம் கறுத்தது. அன்றிலிருந்து தேவாலயத்திலும் அவள் பக்கத்தில் உட்காரச் சிலர் யோசித்தார்கள். தெருவிலும் அவளுக்கு ஆளில்லை, தேவாலயத்திலும் ஆளில்லை. அந்த நாட்களில் தொக்சில் கர்த்தரிடம் நிறையச் சண்டை போட்டாள்.

அந்த ஞாயிறுக்கு மறுநாளே அவள் சாங்ஹோவின் துக்க வீட்டுக்குப் புறப்பட்டாள். "போவாத, அடிப்பாங்க," என்றான் யோங்கில். "அடிக்கட்டும்," என்றாள். அவனும் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

நடுக்கூடத்தில் சாங்ஹோவின் படம். அதற்கு முன் சோறும் பழமும் ஊதுவத்தியும். வருகிறவர்கள் படத்தின் முன் நெற்றி தரையில் பட விழுந்து எழவேண்டும், அதுதான் முறை. தொக்சில் உள்ளே நுழைந்ததும் அழுகைகூட நின்றுவிட்டது. மான்ஹோ அருகில் வந்தான். கண்கள் வீங்கியிருந்தன.

"அண்ணி, கும்பிட்டுடுங்க. என் தம்பிதானே. நீங்க கும்பிட்டுட்டா, ஊர் வாய நான் அடைக்கறேன்."

அதைவிடச் சுலபமான காரியம் அவள் வாழ்க்கையில் வந்ததில்லை. முழங்கால் தானாகவே மடங்கப் பார்த்தது. படத்தில் சாங்ஹோ சிரித்துக்கொண்டிருந்தான். செத்தவனைக் கும்பிடுவதில்லை என்று அவள் கர்த்தருக்குக் கொடுத்த வார்த்தை அவளுக்கும் கர்த்தருக்கும் மட்டுமே தெரியும். அவள் படத்துக்கு முன்னால் நின்று அழுதாள். குனியவில்லை. அப்படியே திரும்பி, மூலையில் கிடந்த சுனோக்கின் முன் மண்டியிட்டு நெற்றி தரையில் பட விழுந்தாள்.

சுனோக்கு தீட்டுக் கழிக்க வைத்திருந்த உப்புக் கிண்ணத்தை எடுத்து அவள் தலையில் கொட்டினாள். "வெளிய போடீ! என் வீட்டுக்காரர முழுங்கினவளே, போ!"

தொக்சில் எழுந்து போனாள். வாசலுக்குப் போகவில்லை, கொல்லைப் பக்கம் போனாள். அங்கே எச்சில் கிண்ணங்கள் மலையாய்க் குவிந்து கிடந்தன. தொட்டியில் மிதந்த பனிக்கட்டியை உடைத்துவிட்டுக் கழுவ உட்கார்ந்தாள். அங்கிருந்த பெண்கள் எழுந்து போய்விட்டார்கள். துக்கம் முடிகிறவரை அவள் வந்து கழுவினாள். யாரும் அவளோடு பேசவில்லை. யாரும் அவளை விரட்டவும் இல்லை. யோங்கில் விறகு பிளந்து போட்டான்.

பருவம் முடியக் கொஞ்ச நாள் இருந்தது. ஒரு காலை, யோங்கில் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது சுனோக்கு துறையில் வந்து நின்றாள். உடம்பில் சாங்ஹோவின் எண்ணெய்த்துணிக் கோட்டு, கையை நாலு மடிப்பு மடித்துவிட்டிருந்தாள்.

"அக்கா. எடம் இருக்கா?"

தொக்சிலுக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று தோன்றியது.

"முறைக்காத. வீட்ல மூணு வாயி இருக்கு. அவரு படகுல ஏற ஆளு வரல, வேற எந்தப் படகுலயும் என்ன ஏத்த மாட்டாங்க. பொம்பள ஏறின படகு ஊர்லயே இது ஒண்ணுதான். ஒருத்தி ஏறினாலும் கோவம்தான், ரெண்டு பேரு ஏறினாலும் அதே கோவம்தானே?"

மான்ஹோ ஓடிவந்தான். "சுனோக்கு! குடும்ப மானத்த வாங்காத!"

அவள் திரும்பினாள். "மாமா, உங்க தம்பி வருஷம் தவறாம விழுந்து கும்பிட்டாரு. பன்னித்தலை நான்தான் வேக வெச்சேன். கடலரசன் எனக்கு என்ன குடுத்தாரு? எச்சக் கிண்ணம் கழுவ இவதானே வந்தா?"

மான்ஹோ குனிந்து கரைப் பக்கக் கயிற்றை அவனே அவிழ்த்துவிட்டான்.

அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கும் மேலாக அந்தப் படகு இரண்டு பெண்களோடு ஓடியது. வலை இழுத்தபடியே இருவரும் போடுகிற சண்டையைத் தாங்காமல் யோங்கில் காதில் பஞ்சு வைத்துக்கொள்வான். ஊர் மாறிவிடவில்லை. பூசைகள் நடந்தன, பன்றித்தலைகள் வெந்தன. ஆனால் பூசை நாளில் மான்ஹோ யாரிடமும் சொல்லாமல், இவர்கள் படகை ஊர்வலம் வராத கோடியில் கொண்டுபோய்க் கட்டிவைக்க ஆரம்பித்தான். மூப்பரோடு தொக்சிலுக்குச் சமாதானமாகச் சில வருஷம் பிடித்தது. வேறு இரண்டு விதவைகளும் பிற்பாடு தங்கள் அண்ணன் தம்பிகளின் படகுகளில் ஏறினார்கள். அப்போது கிழவர்கள் யாரும் பைத்தியம் என்று சொல்லவில்லை.

யோங்கில் ஒரு வசந்த காலத்தில், மதியத் தூக்கத்திலேயே போய்விட்டான். மியோங்தே மீனும் வருஷத்துக்கு வருஷம் குறைந்து, கடைசியில் அந்தக் கடலை விட்டே போய்விட்டது. தொக்சில் இப்போது மலை நகரம் ஒன்றில் கும்ஹியின் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். சுனோக்கு தெற்கே மகனோடு. அவள் கடைசிவரை ஞானஸ்நானம் எடுக்கவில்லை. தொக்சில் அவளுக்காக ஜெபிக்காத நாளும் இல்லை. வாரம் ஒரு தடவையாவது போனில் பேசிக்கொள்வார்கள்.

போன மாதம் சுனோக்கு கேட்டாள்: "அக்கா, அன்னைக்கு எங்க வீட்ல அத்தன பேரு முன்னால கும்பிடாம நின்னியே. பயமா இல்ல?"

"ஒண்ணுக்கே போயிடுவேன்போல இருந்துச்சு."

சுனோக்கு சிரித்த சிரிப்பில் போன் கரகரத்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமானது.

"இங்க சந்தையில ரஷ்யாக்காரன் மீன மியோங்தேன்னு விக்கறானுங்க," என்றாள் பிறகு. "வாயில வெக்க முடியல."

"நிறைய முள்ளங்கி போட்டியா?"

"போட்டேன். ஆனாலும் அந்த ருசி வரல."

அந்தக் குழம்பில் என்ன குறைந்திருக்கும் என்று இருவரும் இருட்டுகிறவரை பேசிக்கொண்டிருந்தார்கள்.