பினாங்கு இங்கிலீஷும் பி.ஏ. மாப்பிள்ளையும்

மணமேல்குடி ஜவுளிக்கடை ஜெய்னுலாப்தீன் நாற்பத்தெட்டாம் வருஷம் பினாங்கிலிருந்து திரும்பியபோது ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு கைக்கடிகாரம், கொஞ்சம் இங்கிலீஷ் கொண்டுவந்தார். பெட்டி துருப்பிடித்தது, கடிகாரம் நின்றது. இங்கிலீஷ் மட்டும் நாளுக்கு நாள் கொழுத்தது. எந்தச் சொல்லானாலும் வாலில் ஒரு 'இங்' ஒட்டித்தான் வெளியே அனுப்புவார். 'ஐ ஆம் நோயிங்', 'ஐ ஆம் பிலீவிங்' என்று அவர் ஆரம்பித்தால் அர்த்தம் புரியாதவனுக்கும் ஆள் பெரிய ஆள் என்பது புரிந்துவிடும். இங்கிலீஷால் ஊருக்கு ஆகவேண்டியது அவ்வளவுதானே.

அறுபத்திரண்டில் அவருடைய ஒரே மகள் ராபியாவைப் பெண் கேட்டு உமர் பாரூக்கும் அவன் வீட்டாரும் வந்தார்கள். பையன் திருச்சியில் பி.ஏ. முடித்தவன். ராபியா ஐந்தாவதோடு நின்றவள். இந்தச் சம்பந்தம் கைகூட வேண்டுமே என்று அவள் தாய் நூர்நிஷா துஆ செய்தபடி நெய்ச்சோறு ஆக்கிக்கொண்டிருந்தாள். ஜெய்னுலாப்தீனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஐ ஆம் ஹேவிங் ஒன் டாட்டர். ஐ ஆம் லவிங் ஹெர்" என்றார். பெரியவர்கள் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

உமர் பாரூக் சிரித்துவிட்டான். சிரித்ததோடு விட்டிருக்கலாம், படித்த படிப்பு விடுமா? 'ஹேவ்', 'லவ்' எல்லாம் நடந்துகொண்டிருக்கிற காரியமில்லை, இருக்கிற நிலைமை, அதற்கு 'இங்' ஆகாது என்று சபையிலேயே பாடம் நடத்தினான்.

ஜெய்னுலாப்தீன் முகம் செத்துப்போயிற்று. குறைவில்லாமல் சாப்பாடு போட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டார். பாழாய்ப்போன இங்கிலீஷுக்காக மகள் வாழ்வைக் கெடுக்கிறாரே என்று நூர்நிஷா அழுதாள். கிழத்துக்குக் கௌரவம் தலைக்கேறிவிட்டது என்று ஊர் பேசியது.

உமர் பாரூக்கோ விருந்தன்று கதவிடுக்கில் ராபியாவை ஒரு கணம் பார்த்துத் தொலைத்திருந்தான். அடுத்த சந்தை நாளில், கடையில் கூட்டம் நெரியும்போது வந்து நின்று, "மாமா, ஐ ஆம் வாண்டிங் யுவர் டாட்டர்" என்றான். பி.ஏ. பட்டம் அந்நேரம் முகத்தை எங்கே வைத்துக்கொண்டதோ தெரியாது. பையன் இப்போதுதான் ஒழுங்காக இங்கிலீஷ் பேசுகிறான் என்று கூட்டம் மெச்சியது.

ஜெய்னுலாப்தீன் மெச்சவில்லை. அவனைக் கடைக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

"எம் இங்கிலீசு எப்படியும் போகட்டும் மாப்ளே. எம் புள்ள அஞ்சாப்புதான் படிச்சிருக்கு. அது ஏதாச்சும் தப்பாப் பேசுனா, நாலு பேரு முன்னாடி சிரிச்சிராதீங்க."