வசந்தியின் ஆறு பாட்டு

நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்தேன். மகள் தன் போனில் ஒரு பாட்டைப் போட்டாள். ஒரு பெண் அடிக்குரலில், தாளத்துக்குக் கொஞ்சம் பின்தங்கி, யாரிடமோ பேசுவதுபோலப் பாடுகிறாள். அவளே எழுதி, அவளே மெட்டுப் போட்டதாம். ஜாஸ், சோல் என்று என்னென்னவோ சொன்னாள் மகள். "தமிழ்ல இப்பதான்பா இதெல்லாம் வருது" என்றாள். நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அந்தக் காலத்திலேயே ஒருத்தி இப்படிப் பாடினாள் என்று ஆரம்பித்தால் நான் செய்ததையும் சேர்த்துச் சொல்லவேண்டி வரும். உங்களிடம் என்றால் பரவாயில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் திருவண்ணாமலையில் ஒரு கேசட் கடையில் எனக்கு ரெக்கார்டிங் வேலை. மாடியில் ஒரு அறை, சுவரெல்லாம் சாக்கு, நடுவில் ஒரு மைக். சூடேறிய மிஷினின் வாசனை சட்டையைத் துவைத்தாலும் போகாது. ஹெட்போனை மாட்டிக்கொண்டால் பெரிய சவுண்ட் இன்ஜினீயர் என்று நினைப்பு. செய்ததெல்லாம் பட்டனை அமுக்கியதுதான்.

அந்த மாடிக்குத்தான் வசந்தி வந்தாள். கீழ்பென்னாத்தூர்க்காரி, வீட்டில் நிலக்கடலை விவசாயம், எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் ஒரு காபிக் கடையில் வேலை செய்தாள். அங்கே வருகிற வெள்ளைக்காரர் ஒருவர் கிதார் வைத்திருந்தார். அவர் கொண்டுவந்த அமெரிக்கக் கறுப்பினப் பாடகிகளின் கேசட்டுகளைக் கேட்டுக் கேட்டு, அந்தச் சாயலில் தமிழில் தானே பாட்டுக் கட்ட ஆரம்பித்துவிட்டாள். முதலில் ஊர் ஆர்க்கெஸ்ட்ராவுக்குத்தான் போயிருக்கிறாள். அங்கே முதல் கேள்வியே எந்தப் பாடகி மாதிரி பாடுவாய் என்பதுதான். "என்னை மாதிரிதான் பாடுவேன்" என்றாளாம். அப்படியே அனுப்பிவிட்டார்கள்.

அந்த வெள்ளைக்காரர் கிதார் வாசிக்க, மூன்று மத்தியானத்தில் ஆறு பாட்டைப் பதிந்தோம். கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு நிற்பவளைப் பற்றி ஒன்று, அம்மாவோடு பேச்சு நின்றுபோனதைப் பற்றி ஒன்று. சத்தம் வருமென்று ஃபேனை நிறுத்திவிடுவோம். கழுத்தில் வேர்வை வழியும், துடைக்காமல் பாடுவாள். ஐயோ, என்ன குரல் அது! எனக்குப் பட்டனை அமுக்கவே மறந்துபோகும்.

கேசட்டின் முதுகில் இரண்டு ஓரமும் நகம் அளவுக்குப் பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே வேறு எதையும் பதிய முடியாது. பதிந்ததும் உடைப்பது எங்கள் வழக்கம். பெயர் டப்பாவின் மேல்தான் இருக்கும், அதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. முதுகைத் தடவிப் பார்ப்போம், உடைக்காததென்றால் வெறும் கேசட். வசந்திதான் என் கையைத் தடுத்தாள். "ஒடச்சிடாதீங்கண்ணா. மூணாவது பாட்டுல ஒரு வரி சரியில்ல, மாத்திப் பாடறேன்." அந்த வரி அமையவே இல்லை. அதற்குள் வெள்ளைக்காரர் விசா முடிந்து ஊருக்குப் போய்விட்டார். கேசட் பீரோவிலேயே கிடந்தது.

கார்த்திகை தீபம் வந்தது. வெளியூர் ஜனமெல்லாம் சாமிப் பாட்டு கேட்டுக் கடையை மொய்த்துக்கொண்டது. மத்தியானமே வெறும் கேசட் தீர்ந்துவிட்டது. பீரோவுக்குள் கையை விட்டுத் துழாவினேன். உடைக்காததாக நாலு கிடைத்தது. நாலிலும் சாமிப் பாட்டை ஏற்றிக் கொடுத்தேன். வாங்கியவர்கள் எந்த ஊரோ, என்னவோ.

நாலாம் நாள் வசந்தி மூச்சு வாங்க ஓடிவந்தாள். தீபத்துக்கு வந்த ஒரு சென்னை மியூசிக் டைரக்டர் காபிக் கடையில் அவள் பாடியதைக் கேட்டுவிட்டு, கேசட்டோடு வந்து பார் என்று விலாசம் கொடுத்திருக்கிறார். "வரி எப்டியோ போவட்டும்ணா, இருக்கறத அப்டியே குடுங்க" என்றாள். பீரோவைத் திறந்தேன். அவள் பெயர் எழுதிய டப்பா மட்டும் இருந்தது, காலியாக. தீபத்தன்று எடுத்த நாலில் ஒன்று அவளுடையது.

மிஷின் ரீலை மென்றுவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டேன் என்று சொன்னேன். வாய் கூசாமல் சொன்னேன். அவள் காலி டப்பாவை மூடி வைத்தாள். பிறகு என்னைத் தேற்றினாள். "மிஷினு பண்ணதுக்கு நீங்க இன்னாண்ணா பண்ணுவீங்க." திட்டியிருந்தால் தேவலை.

வெறுங்கையோடுதான் சென்னைக்குப் போனாள். அந்த மனிதருக்கு உட்கார்ந்து கேட்க நேரமில்லை. கோரஸ் பாடினாள். அப்புறம் ஒரு ஓட்டலில் சினிமாப் பாட்டு, ஒவ்வொரு பாடகியின் குரலிலும். கல்யாணத்தோடு அதுவும் நின்றது. வெள்ளைக்காரர் திரும்பி வரவே இல்லை.

சில வருஷம் கழித்து பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கையில் பிள்ளை. எங்கள் கடை அதற்குள் செல்போன் கடையாகிவிட்டது; சாக்கு, மைக், மிஷின் எல்லாம் எடைக்குப் போய்விட்டன. வசந்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "எனக்கே மறந்துபோச்சுண்ணா. நீங்கதான ஹெட்போனு போட்டு கேட்டீங்க. ஒரு ரெண்டு வரி ஞாபகம் இருக்குதா?"

யோசித்தேன். ஒரு வரிகூட வரவில்லை. இப்போதாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"பாழாப்போன மிஷினு" என்று அவள் சிரித்தாள்.

"ஆமாம்மா, பாழாப்போன மிஷினு" என்றேன் நானும்.