என் நோய்க்கு என் மனைவி ஓடினாள்

இடது மார்புக் காம்புக்குக் கீழே பட்டாணி அளவில் ஒரு கட்டி. ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் ஆலையில் நான் பெட்டி ஏற்றுபவன். நெஞ்சோடு அணைத்துத் தூக்குவதால் சதை கன்றியிருக்கும் என்று எட்டு மாதம் தைலம் தேய்த்தேன். காம்பு உள்ளே இழுத்துக்கொண்ட பிறகுதான் மனைவி கஸ்தூரியிடம் காட்டினேன்.

மருத்துவமனை நடைக்கூடத்தில் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தோம். மேமோகிராம் (மார்பைத் தட்டுகளுக்கு இடையே அழுத்தி எடுக்கும் எக்ஸ்ரே) அறையிலிருந்து வந்த செவிலியர் கஸ்தூரியைப் பார்த்து, "வாம்மா" என்றார். எழுந்தது நான். அந்த நடைக்கூடமே என்னைப் பார்த்தது.

பயாப்சி (கட்டியில் துளி சதை எடுத்துச் சோதிப்பது) முடிவு வந்ததும் மருத்துவர் சொன்னார்: "மார்பகப் புற்றுநோய். ஆண்களுக்கு அரிதா வரும். வராதுன்னு நினைச்சுக்கிட்டு எல்லாருமே லேட்டா வர்றீங்க."

இடது மார்பை எடுத்தார்கள். பிறகு கீமோ (நோய் அணுக்களைக் கொல்லும் மருந்தை நரம்பில் ஏற்றுவது). முடியும் நாக்கின் ருசியும் போயின. ஆலையில், நெஞ்சில் கட்டி என்று மட்டும் சொல்லியிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் முன்னால் பேச வராது.

வேலைக்குத் திரும்பிய சில மாதங்களில் ஆலையில் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு ஓட்டம் அறிவித்தார்கள். பெண்களுக்கு மட்டும். எனக்கும் ஓட ஆசை. என்னைப் பார்த்தாவது, எங்கள் பிரிவில் யாருக்காவது கட்டி வந்தால் அவன் சீக்கிரம் மருத்துவரிடம் போகட்டும் என்று நினைத்தேன். ஆலை கேண்டீனில் பாத்திரம் கழுவும் கஸ்தூரிதான் என்னை மனிதவளப் பிரிவு மேடத்திடம் இழுத்துக்கொண்டு போனாள்.

மேடம் என் மருத்துவ அறிக்கையைப் படித்தார். "லேடீஸ் ஃப்ரீயா ஓடணும்னுதான் இதை வெக்கிறோம். ஒரு ஜென்ட்ஸ விட்டா எல்லாரும் கேப்பாங்க." பிறகு கஸ்தூரியைப் பார்த்தார். "மேடையில பேச, இந்த நோய்லருந்து மீண்ட தொழிலாளி ஒருத்தர் வேணும். உங்களுக்கு வந்த மாதிரி நீங்க ஓடிடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"நோவு அவருக்கு, ஓட்டம் எனக்கா?" என்றாள் கஸ்தூரி.

"சரிங்க மேடம்" என்றேன் நான். அதிகாரிகள் அறையில் என் வாயில் வருவது அது ஒன்றுதான்.

ஓட்டத்தன்று பாதை ஓரமாகத் தடுப்புக் கயிறு பிடிக்கும் வேலை எனக்கு. விடுதிகளில் தங்கி வேலை பார்க்கும் தென்மாவட்டப் பெண்கள், யாரும் முறைக்காத சாலையில் சிரித்துக்கொண்டே ஓடினார்கள். வேறெந்த நாளும் அவர்களால் அப்படி ஓட முடியாது. அதை நான் குறை சொல்லமாட்டேன்.

'நோயை வென்றவர்' என்று எழுதிய சட்டையில் கஸ்தூரி கடைசியாக வந்தாள். மேடையேற்றி மைக்கைக் கொடுத்து, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"காம்பு உள்ள இஸ்துகிச்சி" என்றாள். கைதட்டினார்கள்.

அதன்பிறகு கம்பெனி பேருந்தில் ஆண்கள் அவள் மார்பையே அளந்தார்கள். வெயிலிலும் துண்டைப் போர்த்திக்கொண்டு போனாள்.

ஒருநாள் பெட்டி ஏற்றும்போது கூட வேலை செய்யும் தினகரன் கேட்டான்: "இன்னா ஏழுமல, அண்ணிக்கு ஒண்ணாவது கீதா, ரெண்டும் பூட்ச்சா? பாவம்டா நீ."

"அவளுக்கு இல்ல. எனக்கு."

"அப்ப நீதான் அண்ணியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சட்டைப் பொத்தான்களைக் கழற்றி, பனியனைத் தூக்கிக் காட்டினேன். சிரிப்பு நின்றது. தினகரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மறுநாளிலிருந்து என்னை அக்கா என்கிறார்கள். கஸ்தூரி துண்டு போர்த்துவதை விட்டுவிட்டாள்.

இதைப் படிக்கும் ஆணுக்குச் சொல்கிறேன்: கட்டி இருந்தால் நாளைக்கே போய்க் காட்டுங்கள். ஓட்டம் நடத்துகிறவர்களுக்கும் சொல்கிறேன்: அது பெண்களின் ஓட்டமாகவே இருக்கட்டும். நோய் வந்த எவனையும் கயிறு பிடிக்க நிறுத்தாதீர்கள். கடைசி வரிசையில் அவன் ஓடினால் யார் சிரிப்பும் குறைந்துவிடாது.

ஐந்தாண்டுக்கு டாமோக்சிபென் (ஆண் உடம்பிலும் இருக்கும் பெண் ஹார்மோனை வேலை செய்யாமல் தடுக்கும் மாத்திரை) சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வேர்க்கிறது. மாதவிடாய் நிற்கும் வயதில் பெண்களுக்கு வருவது இது என்றார் மருத்துவர். முன்பு ஷிப்ட் மாறும் நாளை வைத்துத்தான் வாரங்களை எண்ணுவேன். இப்போது அடுத்த பரிசோதனை வரைக்கும்தான் காலம். அதற்கு அப்பால் எதையும் யோசிப்பதில்லை.

சந்தையில் யாராவது அக்கா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறேன்.