உளுவை இருந்த மேடு

மட்டி ஓட்டைப் புரட்டி என் உள்ளங்கையில் வைத்தாள் அக்கா. அதன் உட்புறம் முழுக்கக் குருணை போல முட்டைகள். ஓடு கிடந்த குழியில் விரல் நீளத்தில் ஓர் உளுவை மீன், மண்ணின் நிறத்திலேயே, ஓடி ஒளியாமல் நின்றது.

"அப்பங்காரன். பொரியற வரிக்கும் இத்த வுட்டு நகரமாட்டான்" என்றாள். ஓட்டை வாங்கிப் பழையபடியே கவிழ்த்து வைத்தாள். ஆண் உளுவை வாலாலும் துடுப்பாலும் விசிறி முட்டைகளுக்குப் புதுத் தண்ணீர் அனுப்பும், அடித்துடுப்புகள் கிண்ணம்போல் சேர்ந்திருப்பதால் நீரோட்டத்திலும் தரையைப் பற்றிக்கொள்ளும் என்றெல்லாம் நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள். உயிரோடு பார்த்தது அன்றுதான்.

எண்ணூர் முகத்துவாரத்துக்குச் சற்று உள்ளே இருந்த மணல் மேடு அது. கப்பல் வர அதைத் தோண்டப் போகிறார்கள் என்பதால், அங்கே என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று கணக்கெடுக்கும் வேலை எனக்கு. நான் அக்கா என்று கூப்பிட்ட அவள் எர்ணாவூர்க்காரி. தண்ணீர் வற்றும் நேரத்தில் மேட்டில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, கையாலேயே மீன் தடவிப் பிடிப்பாள். முதல் நாள் அவளிடம்தான் விசாரித்தேன். "இங்க இன்னா கீது? ஒண்ணியும் இல்லமா" என்றாள். எங்கள் வலையிலும் ஒன்றும் சிக்கவில்லை. காலடி அதிர்ந்ததுமே உளுவை வளைக்குள் போய்விடும். அது தெரியாமல், மேட்டில் ஒன்றும் இல்லை என்றே எழுதி அனுப்பினேன்.

ஓட்டைக் காட்டியபோது, முதல் நாள் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மீன் கீற எடத்த யாராவது சொல்லுவாங்களா? ராசி பூடும். அத்தப் போய் எழுதிக்கினியா?"

எனக்கு எங்கே போயிற்று புத்தி? ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். கூடை நிரம்பி வழிந்தாலும் "ஒண்ணியும் மாட்டல" என்று சொல்கிறவர்களுக்கு நடுவில்தான் வளர்ந்தேன். மேலதிகாரியிடம் ஓடினேன். அறிக்கை போய்விட்டது, இனி திருத்தினால் மற்றதையும் பொய் என்பார்கள் என்றார். கருத்துக் கேட்புக் கூட்டத்தில், அங்கே மீனே இல்லை என்று மீனவர்களே சொன்னதாக வாசித்தார்கள். அக்கா எழுந்து ஏதோ சொன்னாள். நேரம் முடிந்தது என்று உட்காரச் சொன்னார்கள். நானும் வாய் திறக்கவில்லை.

மேட்டைத் தோண்டிய அன்று கரையில் நின்றேன். எவ்வளவு இரைச்சல் வந்தாலும் அந்த ஆண் மீன்கள் முட்டையை விட்டு நகர்ந்திருக்காது. அது தெரிந்திருந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போன மாதம் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். காட்டுப்பள்ளிப் பக்கத்து வேலை ஒன்றுக்காக வேறொரு கணக்கெடுப்புக் குழு வந்திருந்தது. மேடு இருந்த இடத்தில் இப்போது ஆளை விழுங்கும் ஆழம், கறுப்புத் தண்ணீர். அட்டையும் பேனாவுமாக ஒருவர் வந்து அக்காவிடம் விசாரித்தார். அவள் அவசர அவசரமாகச் சொன்னாள்: "உளுவ கீது சார், கெளுத்தி கீது, நண்டு, எறா, மட்டி, அல்லாம் கீது. எழுதிக்கோ சார்."

அவர் தலையாட்டிவிட்டு, மூன்று தடவை வலை போட்டுப் பார்த்தார். பிறகு, ஒன்றும் இல்லை என்று எழுதிக்கொண்டார்.