கீறல் முட்டை

போர்வெல் போடும் ரிக் வண்டியோடு ஊர் ஊராகத் திரிந்தவன் நான். முதுகு பிடித்துக்கொண்ட பிறகு நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கச் சேர்ந்தேன். அதே ஷெட்டில் வேலை செய்த பெண்ணின் கணவனுக்குக் காசநோய். தினம் இரண்டு முட்டை கொடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அவள் சம்பளம் அரிசிக்கும் வாடகைக்குமே சரியாகப் போனது. ஆனால் கீறல் விட்ட முட்டையை வேலையாட்கள் எடுத்துக்கொள்ளலாம் என்பது பண்ணை வழக்கம். அவளுக்குச் சொல்லிவைத்தாற்போல் தினமும் இரண்டு கிடைத்தன.

"இயேசப்பா குடுத்தாருங்ணா" என்பாள்.

நான் நம்பவில்லை. ஏழாம் வகுப்போடு ஊரைவிட்டுக் கிளம்பியவனுக்கு இனாமாக எதுவும் வந்ததில்லை. அவளே விரலால் தட்டுகிறாள் என்று முடிவுகட்டி ஒரு வாரம் கண்ணை எடுக்காமல் கவனித்தேன். தட்டவில்லை. கூண்டின் சரிவில் உருண்டு வந்து ஒன்றோடொன்று மோதியவைதான் கீறல் விட்டிருந்தன. சரி, என்னை ஜெபக்கூட்டத்துக்கு இழுக்கத்தான் இந்தப் பேச்சு என்று நினைத்தேன். ஒருநாளும் அவள் கூப்பிடவில்லை. அது இன்னும் சந்தேகமாக இருந்தது.

ஒரு திங்கட்கிழமை கீறல் முட்டை ஒன்றுகூட இல்லை. செவ்வாயும் இல்லை.

"இப்ப என்ன பண்ணுவ அம்மணி?"

"ஆண்டவரு பாத்துக்குவாருங்ணா. ஊட்டுக்காரரு ராத்திரி முச்சூடும் இருமுறாரு, அதத்தான் பாக்க முடியல."

புதன்கிழமை நானே இரண்டு முட்டையை நகத்தால் தட்டி அவளுடைய முட்டை அட்டையில் வைத்தேன். எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"இது நகம் பட்டதுங்ணா. உருண்டு ஒடைஞ்சா இப்படிக் குழி உழுகாது."

"ஏன், உங்க ஆண்டவரு என் நகத்த வெச்சுக் குடுக்கக்கூடாதா?"

"குடுக்கலாமுங்க. திருடித்தான் குடுக்க மாட்டாரு." சிரித்துவிட்டாள். "சூப்பர்வைசருகிட்ட நீங்களே சொல்லிருங்ணா."

போய்ச் சொன்னேன். நன்றாகத் திட்டினார். இரண்டு முட்டைக்கும் காசு வாங்கிக்கொண்டார். காசு கொடுத்த பிறகு முட்டை என்னுடையது. கொண்டுபோய் அவளிடம் நீட்டினேன். தயங்காமல் வாங்கி, கண்ணை மூடி, "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றாள். எனக்கு ஒரு வார்த்தை கிடையாது.

இப்படித்தான் முடியும் என்று தெரிந்தேதான் என்னை அனுப்பினாளோ என்ற சந்தேகம் இன்றுவரை தீரவில்லை. வியாழக்கிழமையும் கூண்டுகளில் ஒரு கீறல்கூட விழவில்லை. அவள் கேட்காமலே காசு கொடுத்து இரண்டு முட்டை வாங்கினேன்.