வெள்ளி பூசிய உலர்த்தி

எங்கள் பொறியியல் கல்லூரி மொட்டைமாடியில் உச்சி வெயிலில் ஒரு பெண் குடையோடு நின்றால் அது இன்திஸார்தான். அரை மணிக்கு ஒரு தரம் ஒரு தகரப் பெட்டிக்குள் எட்டிப் பார்ப்பாள், நோட்டில் ஒரு எண்ணை எழுதுவாள், மறுபடி குடைக்குள் போவாள். பெட்டிக்குள் காய்வது தக்காளி. அதனால் மாணவர்கள் வைத்த பட்டப்பெயர் தக்காளிக்காரி. அவள் காதிலும் விழும். சிரிக்கவும் மாட்டாள், திட்டவும் மாட்டாள்.

படித்த வருடத்தில் முதல் மாணவி அவள். எங்கள் நாட்டில் முதலாவதாக வந்தவரைக் கல்லூரியே துணை ஆசிரியராக எடுத்துக்கொள்ளும். ஆனால் ஐந்து வருடத்துக்குள் முதுநிலை ஆய்வை முடித்தாக வேண்டும். முடிக்காவிட்டால் பாடம் நடத்தக் கூடாது, அலுவலகத்தில் ஏதாவது ஒரு நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவார்கள். இன்திஸாருக்கு அந்த வருட ஜூலையோடு ஐந்து வருடம் முடிய இருந்தது. அவள் சோம்பேறி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவளுடைய வழிகாட்டி டாக்டர் வக்தி இரண்டு தரம் தலைப்பை மாற்றினார். ஒன்றரை வருடம் குவைத்துக்குப் போய்ச் சம்பாதித்துவிட்டு வந்தார். வந்ததும் ஒரு யோசனை சொன்னார். இறுதியாண்டு மாணவர்கள் எட்டுப் பேர் தங்கள் திட்டப்பணிக்குச் சூரிய வெப்ப உலர்த்தி செய்யட்டும், அதையே இவள் ஆய்வுக்கும் வைத்துக்கொள்ளட்டும், இரண்டு வேலையும் ஒரே செலவில் முடியும் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

எட்டுப் பேரில் வேலை செய்தவன் ராமேஸ் ஒருவன். மற்றவர்கள் வாட்ஸப் குழுவில் கைதட்டும் படம் அனுப்பினார்கள். வெல்டிங் பட்டறைக்கு அலைந்தது, கண்ணாடிக்குச் சட்டம் போட்டது, உள்ளே கருப்புத் தகடு பொருத்தியது எல்லாம் இன்திஸாரும் ராமேஸும்தான். ஆய்வுக்கு இருபது நாள் வெயில் அளவு தேவை. பதினேழு நாள் எடுத்துவிட்டாள். பையன்களுக்குக் கொஞ்சம் உதவு என்று டாக்டர் சொன்னதால், அறிக்கை எழுதும் முறையைப் பார்க்கட்டுமென்று நோட்டை ராமேஸிடம் கொடுத்தாள். அங்கேதான் ஏமாந்தாள்.

வைவா நாள் எங்கள் ஊரில் கல்யாண வீடு மாதிரி. அம்மாக்கள் பஸ்பூசா ரவைக் கேக் தட்டோடு வருவார்கள், தேர்வாளர்களுக்குக் கபாப் பொட்டலம் தனியாக வரும், வாசலில் டாக்டர் படம் போட்ட பேனர் தொங்கும். அன்று காலை உலர்த்தி ஒரு பிக்கப் வண்டியில் வந்து இறங்கியது. புதுக் கார் போலப் பளபளவென்று வெள்ளி நிறம். குழுவில் ஒருநாளும் தலைகாட்டாத கரீப் முன்னால் நின்றுகொண்டிருந்தான். அவன் மாமா கார் பெயிண்ட் பட்டறை வைத்திருக்கிறார்.

"உள்ளயும் சேர்த்து அடிச்சாச்சு, என்ஜினியரம்மா. மாமா ரெண்டு கோட்டு அடிச்சாரு, காசே வாங்கலை."

"தகட்டையுமா?"

"அது அடுப்புக் கரியாட்டம் இருந்துச்சு. பெரியவங்க வந்து பாக்குற எடத்துல அப்படியா வைக்கிறது?"

கருப்புதான் வெயிலைக் குடிக்கும், வெள்ளி வந்த வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். ஐந்து வருடம் வெப்பவியல் படித்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். பரீட்சையில் எழுதவும் எழுதுவான். வைவா அன்று மட்டும் எங்கள் பிள்ளைகளுக்கு மூளை வேலை செய்யாது, படம் நன்றாக விழ வேண்டும், அவ்வளவுதான்.

உலர்த்தியை யாரும் வெயிலில் வைத்துப் பார்க்கவே இல்லை. அது குளிரூட்டிய அறைக்குள் மேசைமேல் மினுக்கிக்கொண்டு நின்றது. அலெக்சாண்டிரியாவிலிருந்து வந்த தேர்வாளர் மட்டும், உள்ளே எவ்வளவு சூடு ஏறுகிறது என்று கேட்டார். அறுபத்தெட்டு டிகிரி என்றான் ராமேஸ். அச்சடித்த அறிக்கையில் பதினேழு நாள் அளவும் வரிசையாக இருந்தது. யார் எடுத்தது என்று அவர் பையன்களைக் கேட்டார்.

டாக்டர் வக்தி முந்திக்கொண்டார். "பசங்கதான். ராப்பகலா உழைச்சாங்க."

சூரிய உலர்த்திக்கு ராத்திரியில் என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. இன்திஸார் கடைசி வரிசையில் இருந்தாள். எழுந்து சொல்லியிருக்கலாம். அவளுடைய ஆய்வில் கையெழுத்துப் போட வேண்டியவர் அந்த மனிதர். வாயை மூடிக்கொண்டாள். அதற்காகத் தன்னையே அவள் பல நாள் திட்டிக்கொண்டாள். எட்டுப் பேருக்கும் ஒரே மதிப்பெண், தொண்ணூற்றேழு.

மறுநாள் டாக்டர் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் அறிக்கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்த எண்கள் இப்போது மாணவர் அறிக்கையில் அச்சாகிவிட்டதே, உன் ஆய்விலும் இதையே போட்டால் காப்பி அடித்தாய் என்பார்களே என்றார்.

"அது என் நோட்டு, டாக்டர்."

"நோட்டுல யாரு பேரு எழுதியிருக்கு? புதுசா எடுத்துரும்மா. வெயில் எங்க ஓடிப்போகுது?"

வெயில் ஓடிப்போகவில்லை, தவணைதான் ஓடியது. மிச்சமிருந்தது பன்னிரண்டு நாள். இன்திஸார் புதுத் தகடு வாங்கிக் கருப்படித்து, மறுபடி மாடியேறி, ஒன்பது நாள் அளவு எடுத்தாள். கால நீட்டிப்புக்கு டாக்டரின் கடிதம் வேண்டும். அவர் குடும்பத்தோடு வடக்குக் கடற்கரைக்குப் போய்விட்டார், போனும் அணைந்திருந்தது. ஆகஸ்டில் அவளுக்கு மாணவர் விவகாரப் பிரிவில் மூன்றாவது மேசை கிடைத்தது. முத்திரை குத்தும் வேலை. கூட இருந்த பெண்கள் நல்லவர்கள், தினம் தேநீர் கொடுத்தார்கள். அந்த அன்பும் அவளுக்கு எரிச்சலாகவே இருந்தது.

டிசம்பரில் ராமேஸ் அவள் கவுண்டருக்கு வந்தான். அந்த வருட முதல் மாணவன் அவன். இன்திஸார் போய்க் காலியான இடத்துக்கு அவனைத் துணை ஆசிரியனாக எடுத்திருந்தார்கள். நியமன உத்தரவில் முத்திரை வேண்டும். அவன் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. அவளாகத்தான், எதில் ஆய்வு செய்யப் போகிறாய் என்று கேட்டாள்.

"உலர்த்தியிலதான், என்ஜினியரம்மா. அளவெல்லாம் ஏற்கெனவே தயாரா இருக்கு, அதையே வச்சுக்கன்னு டாக்டர் சொன்னாரு."

அவள் முத்திரையைக் கையில் எடுத்தாள்.

"யாரு எடுத்த அளவுன்னு போடுவே?"

ராமேஸ் உத்தரவை அவள் பக்கம் நகர்த்தினான்.

"டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன்."

இன்திஸார் முத்திரையைக் குத்தி, காகிதத்தை அவன் பக்கம் தள்ளிவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டாள்.