சோவ் கோமகனைப் பார்க்கப் போன பதில் தலைவர்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை நோர்பரியிலிருந்து புளூம்ஸ்பரிக்குப் போய், அங்குள்ள நூதனசாலையில் மூவாயிரம் வருடத்துக்கு முந்திய சீனப் பாத்திரம் ஒன்றைப் பார்த்து வந்தேன். நான் சரித்திரம் படித்தவன் இல்லை. குரோய்டனில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். மறுநாள் எங்கள் ஊர்ச் சங்கத்தின் ஒன்றுகூடல். அதில் பேசுவதற்குச் சரக்குத் தேடித்தான் புறப்பட்டேன்.

நான் அந்தச் சங்கத்தின் பதில் தலைவர். உண்மையான தலைவர் நிஷாந்தன். நாலு வருடத்துக்கு முன் பொதுக்கூட்டம் அவனைத் தெரிவுசெய்த அதே கிழமை அவனுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன. மூன்று மாதத்துக்கு நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பிறகு பிள்ளைகளுக்குப் பல் முளைத்தது, தடிமன் காய்ச்சல் வந்தது, நேர்சரி தொடங்கியது. ஒவ்வொரு முறையும் பெடியன் பாவம் என்று நானே சொல்லி, நானே இருந்துவிட்டேன். இப்போது சிலர் முணுமுணுக்கிறார்கள்.

என்னோடு வேலை செய்யும் லின் என்ற சீனப் பெண்மணிதான் சோவ் கோமகனைப் பற்றி முதலில் சொன்னார். அரசர் இறந்தபோது இளவரசன் சின்னப் பிள்ளையாம். சித்தப்பாவான கோமகன் ஆட்சியைப் பொறுப்பெடுத்தாராம். இன்றுவரை சீனர்கள் அவரைக் கும்பிடாத குறையாம். அவ்வளவும் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. மிச்சத்தைக் கேட்பதற்குள் சங்க அலுவலாகப் போன் வந்துவிட்டது.

காலை 11.04 ரயில். விக்டோரியாவுக்கு இருபத்திரண்டு நிமிடம். அங்கிருந்து 38ஆம் இலக்க பஸ், கட்டணம் 1.75 பவுண்டு. சுரங்க ரயிலை விட நேரம் எடுக்கும், ஆனால் மேல்தட்டில் முன்சீட் கிடைத்தால் பிக்கடிலி முழுவதும் பார்க்கலாம். நூதனசாலைக்குள் போக இலவசம். பை சோதிக்கும் வரிசையில் எனக்குப் பதினெட்டு நிமிடம் போனது. உருளைக்கிழங்கு ரோல்ஸ் எட்டு கொண்டுபோயிருந்தேன். காவலாளி அவற்றை மணந்துபார்த்துவிட்டு மரியாதையாக விட்டார்.

வாசலில் லின் காத்திருந்தார். உள்ளே போய்ச் சீனக் கூடத்தைத் தேட முன், பன்னிரண்டரைக்கு ஒரு வாங்கில் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினோம். முதல் கடியிலேயே போன். மண்டபத்தில் கதிரை குறைகிறதாம். வாயிலிருந்ததைக் கடதாசியில் துப்பிவிட்டுப் பேசினேன். இரண்டாவது கடியில் பாட்டுக்காரர். மூன்றாவது, நோர்பரியில் பதாகை அடிக்கும் தம்பி.

“அண்ணை, தலைவர் எண்டு ஆற்றை பேரைப் போடுறது? மூண்டு மணிக்கு மெசின் ஓடத் தொடங்கிடும்.”

போன தடவை என் பெயரைப் போட்டு, ‘பதில்’ என்பதைச் சின்ன எழுத்தில் அடித்திருந்தோம். இம்முறை அந்தச் சின்ன எழுத்தையும் எடுத்துவிடுவோமா என்று ஒரு யோசனை இருந்தது. பிறகு சொல்கிறேன் என்று வைத்தேன்.

லின் விழுந்து விழுந்து சிரித்தார். சோவ் கோமகனும் இப்படித்தானாம். ஒரு சாப்பாட்டுக்குள் மூன்று தடவை வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு, வந்தவர்களைப் பார்க்க எழும்பினாராம். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பேச்சின் முதல் பந்தி தயார்.

சீனக் கூடத்தில் அந்தப் பாத்திரத்தைக் கண்டுபிடித்தோம். இரண்டு கைப்பிடி வைத்த, சாப்பாடு படைக்கும் வெண்கலப் பாத்திரம். உள்ளே அடியில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். கோமகன் காலத்துக் கலகத்தை அடக்கியதைப் பற்றியது என்றார் லின். கோமகனின் பெயர் எந்த இடத்தில் என்று கேட்டேன். அது இல்லையாம். அரசரைப் பற்றி இருக்கிறதாம், நிலம் கிடைத்த இன்னொருவரைப் பற்றி இருக்கிறதாம். இவ்வளவு பாடுபட்ட மனிதரின் பெயரை விட்டுவிட்டார்களே என்று எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

அப்போதுதான் லின் மிச்சக் கதையைச் சொன்னார். ஏழு வருடம் ஆண்டுவிட்டு, அண்ணன் மகன் வளர்ந்ததும் ஆட்சியைக் கையில் கொடுத்துவிட்டு, மற்ற அமைச்சர்களோடு வரிசையில் போய் நின்றுகொண்டாராம். அதற்காகத்தான் அவருக்கு அந்த மரியாதையாம்.

அவருக்கு ஏழு வருடம், எனக்கு நாலுதானே, இன்னும் மூன்று கிடக்கிறது என்று கணக்குக் காட்டினேன்.

“உங்கள் அரசருக்கு இப்போது என்ன வயது?” என்று கேட்டார் லின்.

முப்பத்தெட்டு என்றேன். முன்தலை மயிரும் கொட்டிவிட்டது என்பதைச் சொல்லவில்லை. லின் திரும்பவும் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தார். எனக்குக் காது சுட்டது.

மூன்று மணிக்குப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போது வெளிப் படிக்கட்டில் நின்று நிஷாந்தனுக்குப் போன் எடுத்தேன். நாளைக்குப் பொறுப்பை நீ எடு, பதாகையில் உன் பெயரைப் போடச் சொல்லப் போகிறேன் என்றேன். ஒரு தடவையாவது, வேண்டாம் அண்ணை, நீங்களே இருங்கோ என்று சொல்வான் என்று பார்த்தேன்.

“ஓம் அண்ணை, சந்தோசம். பேச்சு எழுதி நாலு வருசமாப் போனிலை கிடக்கு.”

வலித்தது. மறைக்க ஒன்றுமில்லை. பதாகைத் தம்பிக்கு நிஷாந்தனின் பெயரைச் சொல்லிவிட்டு, திரும்பி வரும் பஸ்ஸில் கீழ்த்தட்டிலேயே இருந்தேன்.

போக விரும்புவோருக்கு: அரை நாள் போதும். எழுத்து உள்ளே இருப்பதால் சற்று எட்டிப் பார்க்க வேண்டும். கண்ணாடியில் நெற்றி முட்டாமல் பாருங்கள். தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போனால் நல்லது, முழுக் கதையும் தெரிந்தவராக இருந்தால் இன்னும் நல்லது.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது வரிசையில் இருந்து நிஷாந்தனின் பேச்சைக் கேட்டேன். பெடியன் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. இந்த மூன்று மாதமும் சங்கத்தைப் பார்த்துக்கொண்ட அண்ணைக்கு நன்றி என்று வாசித்தான். முதலில் சிரித்தது நான்தான். பிறகு எல்லோரும் கைதட்டினார்கள். அந்த நாலு வருடத்திலும் எனக்கு அவ்வளவு கைதட்டல் விழவில்லை.